நின்ற நேரத்தையும் கணக்கில் சேருங்கள்

வழித்தடத் திட்டமிடல் பிரிவினருக்கும் தரவுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

போன வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எங்கள் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்தது. ஒரு ஸ்டாப்புக்கான சேவை நேரம், அதாவது ஒரு முகவரியில் நின்று பார்சலை ஒப்படைக்க ஒதுக்கும் நேரம், 4 நிமிடத்திலிருந்து மூன்றரை நிமிடமாகக் குறைகிறது, ஆகவே வண்டிக்கு 70 ஸ்டாப் என்பது 76 ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். கடந்த ஆறு மாதத் தரவு அப்படித்தான் காட்டுகிறதாம். அந்தத் தரவை உண்டாக்கிய ஆட்களில் நானும் ஒருவன். அது எப்படி உண்டானது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

என் ரூட்டில் ஒன்பதாவது ஸ்டாப்பாக வரும் அலுவலகக் கட்டடம் உங்களுக்கும் புதிதல்ல. மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வண்டியைப் பின்வாசலில் நிறுத்த வேண்டும். கேட்டில் பதிவேடு. காவலாளி மேலே போன் போட்டு, அவர்கள் சரி என்றால்தான் உள்ளே விடுவார். பார்சலோடு போவோர் ஏற அனுமதியுள்ளது ஒரே ஒரு லிஃப்ட். குப்பை, மேசை நாற்காலி, தண்ணீர் கேன் எல்லாம் ஏறி இறங்குவதும் அதில்தான். பதினேழாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தால் கையெழுத்துப் போட வேண்டியவர் கூட்டத்தில் இருப்பார். போன செவ்வாய்க்கிழமை, வண்டியை நிறுத்தியதிலிருந்து மறுபடி கிளப்பும்வரை 38 நிமிடம். உங்கள் திட்டத்தில் அதற்கு 4 நிமிடம்.

செயலியில் இரண்டு பட்டன்கள்: 'வந்தாயிற்று', 'ஒப்படைத்தாயிற்று'. இரண்டுக்கும் நடுவே 4 நிமிடத்தைத் தாண்டினால் பெயருக்கு நேரே சிவப்புக் குறி விழும். வந்து சேரவே தாமதமானால் போக்குவரத்து என்று விட்டுவிடுகிறீர்கள். நின்றதில் தாமதமானால்தான் சிவப்பு. சரி, நாங்கள் என்ன செய்வோம்? லிஃப்ட் ஏறி, பார்சலை நீட்டும்போதுதான் 'வந்தாயிற்று' பட்டனை அமுக்குகிறோம். கையெழுத்து வாங்கியதும் அடுத்ததை. உங்கள் தரவில் அந்த ஸ்டாப் ஒரு நிமிட வேலை. 38 நிமிடம் பிடித்தது எங்கும் பதிவாகவில்லை. இது ஏமாற்று என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பார்த்துப் பார்த்துப் பச்சையாக வைத்திருக்கிறோம். அந்தப் பச்சையைக் காட்டி 'நான்கு நிமிடமே அதிகம்' என்கிறீர்கள்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நாங்கள் நிற்கும் நேரம் எல்லாம் ஓடும் நேரமாகப் பதிவாகிறதல்லவா? அந்தக் கட்டடத்துக்குப் போகும் தெரு பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். உங்கள் கணினியோ அங்கே எந்நேரமும் நெரிசல் என்று முடிவுகட்டிவிட்டது. இரண்டு வாரமாக அந்தப் பக்கத்து மற்ற ஸ்டாப்புகளுக்கு எங்களைச் சுற்றி அனுப்புகிறது. இல்லாத நெரிசலுக்குப் பயந்து மூன்று கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறோம். எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லித் தனியாக ஒரு சுற்றறிக்கையும் வந்திருக்கிறது.

நான் கணக்கை எதிர்ப்பவன் அல்ல. இந்தக் கணினி முறை வருவதற்கு முன் விடிகாலையில் டெப்போவில் உட்கார்ந்து கையால் ரூட் போட்ட காலமும் எனக்குத் தெரியும். ஒரே தெருவுக்கு இரண்டு வண்டிகள் போய் நிற்கும். இருபது இடங்களை எத்தனை வரிசையில் சுற்றலாம் என்று எண்ணினால் பத்தொன்பது இலக்கத்தில் ஒரு எண் வரும் என்று என் மகள் சொன்னாள். அவள் இந்தப் படிப்புதான் படிக்கிறாள். எந்த மனிதனும் அதை மண்டையில் போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வண்டிக் கணக்கு தொடங்கிய கதையையும் அவள்தான் சொன்னாள். 1959-ல் டான்ட்சிக், ராம்சர் என்ற இருவர், பெட்ரோல் லாரிகள் கிடங்கிலிருந்து பெட்ரோல் பங்க்குகளுக்கு எந்த வழியாகப் போனால் மொத்தத் தூரம் குறையும் என்று எழுதியதுதான் ஆரம்பமாம். அப்போது பார்த்தது தூரத்தையும் லாரியின் கொள்ளளவையும். ஆனால் 1987-ல் சாலமன் என்பவர் வெளியிட்ட சோதனைக் கணக்குகளில் ஒவ்வொரு வாடிக்கையாளர் எண்ணுக்கும் நேராக 'சேவை நேரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தத் தாளை அவள் கணினியில் காட்டியபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான். முகவரிக்கு முகவரி வேறு எண் போட இத்தனை வருடமாக இடம் இருந்திருக்கிறது. நீங்கள் எல்லாவற்றிலும் ஒரே எண்ணை இறக்கிவிட்டீர்கள்.

அதைத்தான் கேட்கிறேன்: நின்ற நேரத்தை முகவரிவாரியாகக் கணக்கில் சேருங்கள்.

அரை நிமிடத்தை 70-ஆல் பெருக்கினால் 35 நிமிடம். அதில் இன்னும் ஆறு ஸ்டாப் செய்யலாம். பெருக்கலில் தப்பில்லை. ஆனால் அந்த 35 நிமிடத்தையும் என்னுடைய ஒன்பதாவது ஸ்டாப் ஒன்றே விழுங்கிவிடுகிறது. பன்னிரண்டாவது ஸ்டாப் ஒரு மருத்துவமனை. அங்கே பதினோரு மணிக்கு மேல் வாங்கமாட்டார்கள். அந்தப் பெட்டி டெப்போவுக்குத் திரும்புகிறது, மறுநாள் வேறு வண்டியில் ஏறுகிறது, 'ஒப்படைக்கத் தவறியது' என்று என் கணக்கில் எழுதப்படுகிறது. வீடுகளில் ஒன்றரை நிமிடத்தில் வேலை முடிகிறது, உண்மைதான். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அழகான எண் கிடைக்கும். ஆனால் இப்படிப்பட்ட கட்டடங்கள் ஐந்து ஒரே வண்டிக்கு விழும் நாளில், சராசரி வந்து லிஃப்ட் பிடித்துக் கொடுக்காது.

வெளியே எல்லோரும் இதைக் கவனிக்கத்தான் செய்கிறார்கள். 2021-ல் அமேசானும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்து உண்மையான டெலிவரி ரூட்டுகளின் தரவைக் கொடுத்து ஒரு போட்டி வைத்தன. கணினி போட்ட வரிசையை விட்டு ஓட்டுநர்கள் விலகிப் போவதில் இருக்கும் அனுபவ அறிவைக் கணக்குக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதே அதில் சவால். நம்மிடம் அதற்குப் பெயர் 'வழித்தட விலகல்'. மாதக் கடைசியில் மதிப்பெண் குறைப்பு.

உங்களில் ஒருவர் ஒருமுறை என் வண்டியில் வந்ததை மறக்கவில்லை. அவர் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் காவலாளி எழுந்து நின்றார். லிஃப்ட் தயாராகக் காத்திருந்தது. ஆறு நிமிடத்தில் கீழே வந்துவிட்டோம். "இவ்வளவுதானே அண்ணா" என்று சிரித்தார். நல்ல பிள்ளை. அந்த அட்டையை எங்களுக்கும் ஒன்று கொடுங்கள், மூன்றரை நிமிடத்துக்கே ஒப்புக்கொள்கிறோம். உங்கள் தரவைக் காட்டும் டாஷ்போர்டுக்குப் பெரிய திரை வாங்கப் பணம் இருக்கிறது. பின்கதவு சரியாக மூடாத ஏழாம் எண் வண்டிக்கு மட்டும்...

சரி, அது வேறு புகார். மன்னிக்கவும்.

என் கோரிக்கை பெரிதல்ல. சிவப்புக் குறியை எடுத்துவிடுங்கள்; அது இருக்கும்வரை எந்த ஓட்டுநரும் உண்மையான நேரத்தைப் பதிவு செய்யமாட்டார். கொஞ்ச நாள் அப்படி விட்டுப் பாருங்கள். அப்புறம் வருகிற தரவை முகவரிவாரியாகப் பிரித்து, நின்ற நேரத்தைக் கணக்கில் சேருங்கள். அதுவரை 76-ஐ நிறுத்திவையுங்கள். உண்மையான நேரத்தைக் கொடுத்த பிறகும் உங்கள் கணினி 76 முடியும் என்று சொன்னால், நான் ஓட்டுகிறேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

இரண்டு மாதமாகப் பதினோரு முகவரிகளில் நின்ற நேரத்தைக் கைக்கடிகாரம் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். தேதி, நேரம், காரணம் எல்லாம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை டெப்போ மேலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். தயவுசெய்து ஒருவர் உட்கார்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். டயர் மாற்றிய கணக்கும் அதில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஏழாம் எண் வண்டி ஓட்டுநர்