நடுவதற்கு முன் புல்லையும் வரைபடத்தில் காட்டுங்கள்

பசுமைத் தமிழ்நாடு இயக்க அலுவலர்களுக்கு,

வணக்கம். 2022 செப்டம்பரில் இயக்கத்தைத் தொடங்கியபோது, சுமார் 24 விழுக்காடாக இருக்கும் மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது என்று இலக்கு வைத்தீர்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. அத்தனை மரத்துக்கும் இடம் எங்கே என்று எந்த வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்வீர்கள் என்பதுதான் கவலை.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் பல மரத்தை மட்டுமே எண்ணுகின்றன. குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் 5 மீட்டருக்கு மேல் வளர்ந்ததை மரப் பரப்பு என்று காட்டும். அது மலையின் இயற்கையான சோலைக்காடா, சீகை (வாட்டில் என்னும் அயல் மரம்) நட்ட தோப்பா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. இந்திய வன அளவை நிறுவனமும் 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 விழுக்காடு மர நிழல் இருந்தால், தனியார் தோப்பானாலும் காடு என்றே சேர்த்துக்கொள்கிறது.

பழனி மலையைப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் 2018-இல் எழுதினார்கள். அந்த இடத்தில் இன்று சீகை, தைலம், பைன், கொஞ்சம் விவசாயம். மரக் கணக்கில் இது வளர்ச்சி! அயல் தாவரங்களை அகற்ற அரசே 2022-இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதன்படி வனத்துறை சீகையை வெட்டிப் புல்லை மீட்டால், அதே வரைபடம் அதை 'இழப்பு' என்று பதியும். நல்ல வேலை செய்தவருக்குக் கெட்ட பெயர்.

சமவெளியில் இன்னும் மோசம். எங்கள் காங்கயம் பக்கம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் உண்டு. கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கயம் மாடு வளர்ந்தது இதில்தான். சித்திரை வெயிலில் எடுத்த ஒரு படத்தை மட்டும் பார்த்தால் வெறும் பொட்டல். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் பார்த்தால் பச்சைப் பசேல். ஒரு நாள் படத்தை நம்பித் 'தரிசு' என்று குறித்துக் குழி தோண்டினால் மேய்ச்சல் போகும். புல்வெளி தன் கார்பனில் பெரும்பகுதியை மண்ணுக்குள்தான் வைத்திருக்கிறது. உழுது கிளறினால் அதுவும் போகும்.

தரவு இல்லை என்று சொல்ல முடியாது. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 5 நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் துல்லியத்தில் படம் தருகின்றன, அதுவும் இலவசமாக. ஆண்டு முழுவதும் நிலம் எப்படி நிறம் மாறுகிறது என்று பார்த்தால் கொரங்காட்டையும் கட்டாந்தரையையும் பெருமளவு பிரித்துவிடலாம். ஆய்வாளர்கள் மதுசூதனும் அபி தமீம் வனக்கும், செயற்கைக்கோள் படங்களை அலசும் இணையக் கருவியான கூகுள் எர்த் எஞ்சினில் இப்படித்தான் புல்வெளி போன்ற நாட்டின் வறண்ட திறந்தவெளிகளை வரைந்து 2022-இல் வெளியிட்டார்கள். இந்தியாவின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வந்தது. அவர்கள் வரைபடமும் பொதுவில் இருக்கிறது. அதிலும் பிழை இருக்கும், ஆனால் தொடங்க அது போதும்.

ஆகவே நடவுக்கு இடம் தேர்வு செய்யும் வரைபடத்தில் புல்வெளிக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் தனி நிறம் கொடுங்கள். அதன்மேல் புல எண் எல்லைகளைப் போடுங்கள். பட்டாவும் புலப்படமும் இணையத்தில் கிடைக்கிற மாநிலத்தில் இது முடியாத காரியமல்ல. எங்கள் ஊரில் ஆடு மேய்ப்பவர் பலருக்குத் தளத்தைத் திறந்து பார்க்கும் வழக்கம் கிடையாது. அதனால் அச்சடித்த பிரதியைக் கிராம சபையில் விரித்து வைத்து, 'இது மேய்ச்சல்' என்று அவர்கள் சொல்லும் இடத்தைத் திருத்திய பிறகே குழி தோண்ட உத்தரவிடுங்கள். மீட்ட புல்வெளியின் ஹெக்டேரையும் உங்கள் ஆண்டு சாதனைப் பட்டியலில், நட்ட மரங்களுக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
காங்கயம் வட்டாரத்துக் கொரங்காட்டுக்காரர் ஒருவர்