அதிமதுரமும் ஸ்பைரோனோலாக்டோனும் ஒரே பட்டியலில் வரட்டும்

சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். காலையில் மருத்துவமனை மாத்திரை, மாலையில் சீன மருத்துவரின் கஷாயம் என்று இரண்டையும் சாப்பிடும் கல்லீரல் நோயாளிகள் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் பலர். ஒருவர் எழுதிக் கொடுத்ததை மற்றவர் பார்ப்பதில்லை. பார்க்க வழி செய்யுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

என் அண்டை வீட்டுச் சீனப் பெரியவருக்குக் கல்லீரல் இறுகி, வயிற்றில் நீர் கோத்திருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லி ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தார்கள். உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் மாத்திரை அது. அவர் மகள் காட்டிய கஷாயப் பொட்டலத்தில் மஞ்சள் சீவல்களாக அதிமதுரம் கிடந்தது. பல சீனக் கஷாயங்களில் மற்றச் சரக்குகளை இணக்கிவைக்க இதைச் சேர்ப்பார்கள். அளவு கூடினால், நாள்பட்டால், அதிலுள்ள கிளைசிரைசின் மாத்திரைக்கு நேர் எதிராக உப்பைத் தேக்கும்; பொட்டாசியத்தை இறக்கும். பொட்டாசியம் இறங்கினால் சிறுநீரகம் அதிகமாக அம்மோனியாவை உண்டாக்கும். இறுகிய கல்லீரலால் அதை அகற்ற முடியாது. நோயாளி நினைவு தடுமாறுவார்.

பெரியவரும் அப்படித்தான் பேச்சுக் குழறி அவசரப் பிரிவுக்குப் போனார். அதிமதுரம்தான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அவர் அதைக் குடிப்பதே அங்கே யாருக்கும் தெரியாது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சீன மருத்துவத்தை ஒதுக்கச் சொல்லி எழுதவில்லை. சீனாவிலும் ஜப்பானிலும் கல்லீரல் அழற்சிக்கு அதே கிளைசிரைசினை ஊசியாகப் போடுகிறார்கள். நினைவு தடுமாறும் நோயாளிக்குச் சீன மருத்துவமனைகளில் தாஹுவாங் என்ற மலமிளக்கி மூலிகையின் வேரை எனிமாவாகக் கொடுப்பதுண்டு. குடலைச் சுத்தம் செய்து அம்மோனியாவைக் குறைக்கும் எண்ணம் அதில் இருக்கிறது. மேற்கத்திய மருத்துவத்தில் லேக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தைக் கொடுப்பதும் அதற்காகவே. அங்கே இரண்டு மருத்துவமும் ஒரே வார்டில், ஒரே நோயாளிக் குறிப்பேட்டில் எழுதப்படுவதால் இது சாத்தியமாகிறது.

எழுதப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு தூ சான்ச்சி என்ற மூலிகை சாட்சி. பெயரில் சான்ச்சி என்ற வேறொரு மூலிகையை ஒத்திருப்பதால் மக்கள் அதற்குப் பதிலாக இதைக் குடித்துவிடுகிறார்கள். தூ சான்ச்சியிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப் பொருள்கள் கல்லீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்து வயிற்றில் நீர் கோக்க வைக்கும். மூலிகையைப் பற்றிக் கேட்காத மருத்துவர் அதைச் சாதாரணக் கல்லீரல் இறுக்கம் என்று எண்ணிவிடலாம்.

2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சீன மருத்துவர்களைப் பதிவுபெற்றவர்கள் ஆக்கினீர்கள். 1978இல் மஞ்சள் காமாலை அச்சத்தால் தடைசெய்த ஹுவாங்லியான் மூலிகையைப் பின்னர் ஆராய்ந்து அனுமதித்தீர்கள். அதே பொறுப்போடு, தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேட்டில் கஷாயச் சரக்குகளுக்கும் இடம் கொடுங்கள். தாவரப் பெயரும் கிராம் அளவும் அதில் இருக்கட்டும். வயிற்றில் நீர் கோத்த நோயாளிகளிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் கஷாயத்தில் அதிமதுரம் இருந்தால், பொட்டாசியம் பரிசோதனையை முன்கூட்டியே செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோ பாயோ குடியிருப்பாளர் ஒருவர்