மழைக்கு முந்தி நெல் வீடு சேர

செங்கோட்டை,
புரட்டாசி 18

அன்புள்ள அய்யாவுக்கு,

கார் பருவ நெல் அறுப்புக்குக் கொல்லத்திலிருந்து வர எந்த நாளில் லீவு போட என்று கேட்டிருந்தாய். திங்கள், செவ்வாய், புதன் போடு. வியாழன் கைவசம் இருக்கட்டும்.

மேற்கேயிருந்து அடிக்கும் மேல்காற்று நின்றுவிட்டது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்த சாரல் இனி இல்லை. கிழக்கேயிருந்து வரும் கொண்டல் காற்று இன்னும் பிடிக்கவில்லை. தென்மேற்குப் பருவமழை அக்டோபர் 15 வாக்கில் விலகி, வடகிழக்கு 20 வாக்கில் தொடங்குவது வழக்கம். இடைப்பட்ட இந்த நாட்களில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். பதினோரு மணிக்கு மலை முகட்டில் பஞ்சுப் பொதி மாதிரி மேகம் ஏறும். இரண்டு, மூன்று மணிக்குக் கறுத்து, இடியோடு கொட்டிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல் வெளுக்கும். புளியரையில் வெள்ளம் ஓடும்போது இலஞ்சியில் புழுதி பறக்கும்.

கொல்லத்து டிவியில் மஞ்சள் அலர்ட் என்றதும் பதறுகிறாய். அது திருவனந்தபுரம் மையம் மலைக்கு அந்தப் பக்கத்துக்குச் சொல்வது. நம் வயலுக்கு, சென்னை மண்டல வானிலை மையம் தென்காசி மாவட்டத்துக்கு என்ன சொல்கிறது என்று பார். 'ஓரிரு இடங்களில்' என்றால் கால்வாசி இடங்களுக்கு மேல் இல்லை. 'சில இடங்களில்' என்றால் பாதி வரை. 'கனமழை' என்பது 7 செ.மீ.யில்தான் தொடங்குகிறது. எனக்கு அதைவிடப் பயம் 'மிதமான மழை' என்ற சொல்தான். ஒன்றரை செ.மீ.க்கும் மிதமான மழை, ஆறு செ.மீ.க்கும் மிதமான மழை! ஏக்கருக்கு 2 செ.மீ. பெய்தாலே எண்பதாயிரம் லிட்டர் தண்ணீர் விழுந்துவிடும். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி ஏழு வந்து கொட்டின கணக்கு. அறுப்பு கெட அது போதும். இன்னொன்று, மழை அளவைக் காலை எட்டரைக்கு எட்டரை எடுப்பார்கள். செவ்வாய் சாயங்காலம் பெய்தது புதன்கிழமைப் பட்டியலில்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு இன்றைக்குப் பெய்தது என்று நினைக்காதே.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றாலும் உடனே லீவை மாற்றாதே. எங்கே என்று பார். அது ஆந்திரா, ஒடிசா பக்கம் இருந்தால் மேல்காற்றைத் திரும்ப இழுக்கும். மழை உன் பக்கம், இங்கே வெறும் காற்று. அப்படியானால் நெல் காய நல்லது. குமரிக்கடல் பக்கம் சுழற்சி என்றால்தான் நமக்கு ஆபத்து. கிழக்கிலிருந்து வரும் மேகம் மலையில் முட்டி நம் தலையில் கொட்டும். அப்போது ஒருநாள் முந்தி அறுத்துவிட வேண்டியதுதான்.

வயலை வடியவிட்டு எட்டு நாளாகிறது. கால் ஊன்றினால் கணுக்கால் புதையக் கூடாது. புதைகிற இடத்தில் டயர் வைத்த அறுப்பு வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும். அதையே பேசி வை. பனி காயாமல் வண்டியை இறக்கினால் ஈர வைக்கோல் சுற்றிக்கொண்டு அடைக்கும், நெல்லும் வைக்கோலோடு பின்னால் போய்விடும். ஒன்பதரை, பத்துக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள் முடிக்கிற அளவுக்கு மட்டும் இறக்கு. மீதி மறுநாள். நிற்கிற கதிர் ஒரு மழையைத் தாங்கும், வெட்டின நெல் தாங்காது. சாய்ந்து கிடக்கிற மேலவயலை முதல் நாளே எடு. கதிர் தண்ணீரில் கிடந்தால் இரண்டு மூன்று நாளில் முளை எட்டிப் பார்க்கும்.

வண்டி கொட்டும் நெல்லில் ஈரம் இருபதுக்கு மேல் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம்தான் கணக்கு, வீட்டில் வைக்க 14. சிமென்ட் களத்தில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பு. அரை மணிக்கொரு தரம் காலால் கிளறு. கிளறாவிட்டால் மேல் நெல் வெடித்து அரவையில் குருணையாகும், அடி நெல் பச்சையாகவே கிடக்கும். மேகம் மலையை விட்டு இறங்கும்வரை காத்திருக்காதே. இரண்டு மணிக்கே குவித்துத் தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் தண்ணீர் ஓட வழி விடு. மழை விட்டதும் இரண்டு ஓரத்தையும் தூக்கிவிட வேண்டும். ஈர நெல்லை ராத்திரி முழுக்க மூடிப் போட்டால் புழுங்கிப் பழுத்து நாறும். விடிந்ததும் குவியலுக்குள் முழங்கை வரை கையை விடு. சூடு தெரிந்தால் மூட்டமாக இருந்தாலும் பரப்பிவிடு. பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

மின்னல் வெட்டி முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் களத்தில் யாரும் நிற்கக் கூடாது. தென்னை அடியிலும் ஒதுங்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி போகட்டும். நெல் நனைந்தால் நனையட்டும்.

குண்டாறு 36 அடிதான், சின்ன அணை. நிறைந்து நிற்கும்போது மலையில் பெய்தால் அப்படியே வழிந்து மறுகால் பாயும். நம் ஊரில் சொட்டு விழாமலே ஓடையில் தண்ணீர் ஏறும். தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமானால் டிராக்டரை ஓடைக்குள் இறக்கவிடாதே.

ஞாயிறு காலை ரயிலைப் பிடி. பஸ் என்றாலும் மதியத்துக்குள் தென்மலை, கழுதுருட்டி தாண்டிவிடு. சாயங்கால மழையில் அந்தப் பாதையில் மண் சரியும், மரம் விழும்.

அடுத்த பிசானப் பருவ நெல்லுக்கு விதையை இப்போதே ஊறப்போடச் சொல்கிறார் உன் அப்பா. வேண்டாம். ஊற ஒரு நாள், முளை கட்ட ஒரு நாள், மூன்றாம் நாள் நாற்றங்காலில் பாவ வேண்டும். பாவிய பிறகு இரண்டு நாள் அடைமழை இருக்கக் கூடாது. இருந்தால் விதையெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். ஆக, ஊறப்போடும் நாளில் பார்க்க வேண்டியது அன்றைய வானத்தை இல்லை, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைக்கான அறிக்கையை. நீ வந்து அவரிடம் சொல், நான் சொன்னால் கேட்கமாட்டார். வரும்போது தார்ப்பாய் கட்ட நைலான் கயிறு இருபது மீட்டர் வாங்கி வா.

அம்மா