'வந்தான்' என்ற ஒரு வினைமுற்று

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் உடன் வைத்திருந்த கட்டுரை நகலும் சென்ற வாரம் கிடைத்தன. முழங்கால் அறுவைக்குப் பின் ஊன்றுகோல் இல்லாமலே நூலகம் வரை நடந்து போய் வருகிறீர்கள் என்று படித்து மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம். பேத்தி கல்லூரியில் தமிழிலக்கியம் எடுத்திருக்கிறாள். அலமாரியில் தூசி படிந்து கிடந்த என் தொல்காப்பிய உரைகள் அவளால் மீண்டும் மேசைக்கு வந்துவிட்டன.

2002-இல் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குச் சென்று வந்து நீங்கள் எழுதிய கட்டுரையை இப்போது தொகுப்பில் சேர்க்கும்போது, அதிலுள்ள 'அரவாணி' என்ற சொல்லை எல்லா இடத்திலும் 'திருநங்கை' என்று மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றிவிடுங்கள் என்று அன்றே எழுதத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் தெருவில் தையல் கடை நடத்தும் திருநங்கை ஒருவர், என் மனைவிக்கு இருபது ஆண்டுப் பழக்கம், அன்று மாலை வீட்டுக்கு வந்திருந்தார். அவரிடம் உங்கள் கட்டுரையை முழுவதும் படித்துக் காட்டினேன். 'அரவாணி' வந்த இடங்களில் அவர் முகம் மாறவே இல்லை. மூன்றாம் பத்தியில், சேலத்திலிருந்து பேருந்தேறி 'வந்தான்' என்று நீங்கள் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தில்தான், "அந்த வரியை இன்னொரு தரம் படிங்க" என்றார். படித்தேன். அதன்பின் சற்று நேரம் அவர் எதுவும் பேசவில்லை.

அன்றிரவு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் உயர்திணையைச் சேர்ந்தது என்றும், அதற்கெனப் பால் காட்டும் தனி ஈறு (இறுதி எழுத்து) இல்லை என்றும் தொல்காப்பியர் முதலில் சொல்கிறார். பிறகு வேறொரு நூற்பாவில், 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி ஆண்மை அறிசொற்கு ஆகிடன் இன்றே' என்று ஐயத்துக்கு இடமின்றி விதிக்கிறார். ஆண்மை திரிந்தவரைப் பழந்தமிழ் பேடி என்றது. பேடி வந்தாள் எனலாம், பேடியர் வந்தார் எனலாம். பேடி வந்தான் எனல் ஆகாது. நாற்பது ஆண்டுகள் இதை வகுப்பில் ஈறுகளுக்கான விதியாக மட்டுமே நடத்திவிட்டு வந்தவன் நான். ஒருவரைப் பார்த்து எப்படிப் பேச வேண்டும் என்ற விதியும் அதற்குள் இருப்பது, அந்தத் தையல்காரர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பின்னால் வந்த நன்னூல், பேடுக்கு ஆண்பாலும் பெண்பாலும் சொல்லி, அஃறிணை போல வருவதையும் ஒப்புக்கொள்கிறது. அந்த ஒரு வரியை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

சொற்களின் கதையும் நேர்கோட்டில் செல்லவில்லை. இன்று எந்தப் பத்திரிகையும் அச்சிடத் தயங்கும் 'அலி' என்ற சொல்லை மாணிக்கவாசகர் இறைவனுக்கே சூட்டினார்: 'பெண் ஆண் அலி எனும் பெற்றியன்' என்று. நம்மாழ்வாரோ, ஆண் அல்லன், பெண் அல்லன், அலியும் அல்லன் என்று மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துத் திருமால் அவற்றைக் கடந்தவன் என்றார். அந்தச் சொல்தான் தெருவில் கல்லாக மாறியது. 'பேடி' அதற்கும் முன்பே கோழைக்கு உவமையாகிவிட்டது. பேடி கையில் உள்ள வாளைக் குறள் இரண்டு இடங்களில் எடுத்தாள்கிறது. மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் பேடு ஒன்று என்று பெருமையாகச் சொல்லும் நாம், இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'ஒன்பது' என்ற வசையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

'அரவாணி' 1990களின் பிற்பகுதியில் பரவிய சொல். கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்பவர் என்பது அதன் பொருள். அதன் குறைகளை நீங்களும் அறிவீர்கள்: ஒரு நாள் மணப்பெண்ணாகி மறுநாள் தாலியறுக்கும் சடங்கோடு ஒருவரின் வாழ்நாள் முழுவதையும் அது கட்டிவிடுகிறது, கூவாகத்துக்கே போகாத இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் அது பொருந்தவில்லை. ஆயினும் தையல்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பேரு வந்தப்ப எனக்கு இருபது வயசு. அதுவரைக்கும் கேட்டதெல்லாம் வசவுதான். முதல்முதலா ஒருத்தர் மரியாதையாக் கூப்பிட்ட பேரு அது. அதை ஏன் அழிக்கணும்?"

'திருநங்கை' என்ற சொல்லைத் தந்தவராக நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் அறியப்படுகிறார். முதல்வர் கருணாநிதியின் ஆட்சிக் காலத்தில் அது அரசு வழக்காகி நாடெங்கும் பரவியது. 2008-இல் தொடங்கிய நல வாரியம் அரவாணிகள் பெயரில்தான் பிறந்தது என்பதை நினைத்தால், எவ்வளவு விரைவில் ஒரு சொல் இன்னொன்றுக்கு வழிவிட்டது என்பது விளங்கும். நங்கை என்பதால் அவர் பெண் என்பது சொல்லிலேயே அமைந்துவிடுகிறது. அதை ஒட்டி, பெண்ணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு ஆணாக வாழ்பவரைக் குறிக்கத் திருநம்பி வந்தது, இருவரையும் அடக்கத் திருநர் வந்தது. அதனால்தான் 'மூன்றாம் பாலினம்' எனக்கு உவப்பாக இல்லை. முதலாவது யார், இரண்டாவது யார் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்தொடரை ஏற்றது உண்மைதான்; ஆனால் ஆண், பெண், மூன்றாம் பால் ஆகியவற்றுள் தாம் எது என்று முடிவு செய்யும் உரிமை அவரவருக்கே உண்டு என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. பழைய சொல் ஒன்றுக்குள் இடம் கிடைத்ததை, புதுச்சொல் கிடைத்ததற்குச் சற்றும் குறையாத பேறாகவே கருதுகிறேன்.

இன்னொரு திருத்தமும் உண்டு. 'நிர்வாணம்' என்று அவர்கள் பேசிக்கொண்டதை நீங்கள் உடையின்மை என்று பொருள்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வழக்கில் அது பெண்ணாவதற்குச் செய்துகொள்ளும் அறுவையின் பெயர். 'பாம்படுத்தி' என்று வணங்குவதும், 'கோத்தி' என்று தம்மவரைச் சுட்டுவதும் அவர்களுக்குள் புழங்கும் வழக்குகள். நம் குரலில் அவற்றை எழுத வேண்டாம். அவர்கள் பேச்சாக மேற்கோளுக்குள் இருக்கட்டும்.

ஆகவே, என் கருத்து இது. அன்று அவர்கள் தம்மைக் குறித்துச் சொன்ன இடங்களில் 'அரவாணி' அப்படியே இருக்கட்டும். கட்டுரையின் கீழ் ஆண்டைக் குறித்துவிடுங்கள். இன்று நீங்கள் எழுதும் முன்னுரையில் திருநங்கை என்று எழுதுங்கள். மூன்றாம் பத்தியின் 'வந்தான்' மட்டும் 'வந்தார்' ஆகட்டும். மெய்ப்பு வந்ததும் ஒரு படி எனக்கு அனுப்புங்கள். தையல் கடைக்கும் ஒரு படி வேண்டும், கேட்டிருக்கிறார்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய சக ஆசிரியன்