வறட்டு இருமலும் இரத்த அழுத்த மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மன்னார்குடியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். நீடாமங்கலத்தை அடுத்த சிற்றூரில் வசிக்கும் என் தமக்கைக்கு இரத்த அழுத்தத்துக்காக ஒரு கிளினிக்கில் எனாலாப்ரில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மார்கழியில் இருமல் தொடங்கியதும் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, தூதுவளை ரசமும் ஆடாதோடைக் கஷாயமுமாக இரண்டு மாதங்களைக் கழித்துவிட்டார். சளி துளியும் இல்லை. படுத்தால் இருமல் கூடும் என்பதால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இரவெல்லாம் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். மாத்திரைச் சூடு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் நிறுத்திவிட, தலை சுற்றுகிறது என்று அழைத்துப் போன அன்று அழுத்தம் 190/110 இருந்தது.

இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருளை உருவாக்கும் நொதியை எனாலாப்ரில் அடக்குகிறது. அழற்சியோடு தொடர்புடைய பிராடிகைனின் என்னும் பொருளைச் சிதைப்பதும் அதே நொதிதான் என்பதால், அப்பொருள் தேங்கி மூச்சுக்குழாயை உறுத்துவதே இந்த இருமலுக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. இதற்குச் சிரப் பயன்படாது. மருத்துவர் லோசார்டான் போன்ற மாத்திரைக்கு மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். அரிதாக உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இரத்த அழுத்தம் என்பது, நீடாமங்கலம் அருகே வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் மதகைத் திறந்து மூடுவது போன்ற நீர்க் கணக்கு மட்டுமன்று. நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் அதில் பங்குண்டு. டி, பி எனப்படும் இருவகை எதிர்ப்பு அணுக்கள் இல்லாத எலிகளுக்கு ஆஞ்சியோடென்சினைச் செலுத்தியபோது அழுத்தம் வழக்கம்போல் ஏறவில்லை என்றும், டி அணுக்களைத் திரும்பச் செலுத்திய பின்னரே ஏறியது என்றும் 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. மிகுதியான உப்பு, அழற்சியைத் தூண்டும் ஒருவகை டி அணுக்களைப் பெருக்குவதை 2013இல் வெளியான ஆய்வுகள் கண்டறிந்தன. கருவாடும் மோர்மிளகாயும் இல்லாமல் சோறு இறங்காத நம் பகுதியினர் இதைக் கவனிக்க வேண்டும். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடிகளை நம்பி மாத்திரையைக் கைவிடுவோரைக் காணும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அவற்றைக் கொண்டு வரும் சகோதரிகள், “வறட்டு இருமல் இருக்கிறதா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டு, இருந்தால் மருத்துவருக்குத் தெரிவிக்க நலவாழ்வுத் துறை அறிவுறுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
மன்னார்குடி