பக்கத்து பெஞ்சில் முடிந்துவிடும் சோதனை

ஐயா,

தகவலியல், மனித–கணினி ஊடாட்டம் போன்ற படிப்புகளை வெறும் நிரல் எழுதும் படிப்பு என்று நினைத்துச் சேர்கிறவர்கள் பலர். பாதி வேலை ஆளைக் கவனிப்பதுதான்.

செய்முறைத் திட்டத்துக்குச் செயலி செய்துவிட்டு, பக்கத்து பெஞ்சு நண்பனிடம் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். வாளையாறு எல்லைக்கு இப்பால், கேரளப் பக்கத்தில், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் ஏராளம். தமிழ் எழுத்து மட்டும் வாசிக்கத் தெரிந்தோர், மலையாள எழுத்து மட்டும் வாசிக்கத் தெரிந்தோர் என்று பிரித்து, பிரிவுக்கு 5 பேரிடம் கொடுத்தாலே பெரிய கோளாறுகள் வெளிவரும். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். திணறும்போது விரல் நீட்டி உதவினால் சோதனை பாழ்.

பிறகு, செயலி பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் எஸ்.யு.எஸ். (System Usability Scale) எனும் 10 கேள்வித் தாள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படைக் கேள்விகளின் மதிப்பெண்ணில் 1 கழிக்கவும், இரட்டைப்படையில் 5-லிருந்து மதிப்பெண்ணைக் கழிக்கவும், கூட்டி 2.5-ஆல் பெருக்கவும். வருவது சதவீதம் அல்ல. 68 சராசரி என்பதால் 60 வாங்கிய செயலி 'முதல் வகுப்பு' ஆகிவிடாது!

எழுத்து எண்ணிக்கையிலும் சறுக்கல் உண்டு. 'கொழிஞ்சாம்பாறை' எனும் ஊர்ப்பெயர் நமக்கு 7 எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 14 குறியீடு, அவற்றைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 42 பைட் (சேமிப்பு அலகு). தரவுத்தளத்தில் 30 பைட் வரம்பு வைத்தால் ஊர் 'கொழிஞ்சாம்' என்று அறுந்து நிற்கும். தலைப்பெழுத்து மட்டுமே உள்ளவரிடம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவமும் இதே ரகம். பாடத்துறைகள் களச் சோதனைக்குத் தனி மதிப்பெண் ஒதுக்கட்டும்.

— வாசகர், சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்