ஆண்டறிக்கை: கடற்கரை மணலடி நீர்க் கண்காணிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். செயலாளர் என்ற முறையில் இவ்வாண்டின் பணியறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். கூட்டங்கள் துணைவிதிப்படி நடந்தன. குறிப்பேடு மேசையில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்க்கலாம்.

புதிய உறுப்பினர்களுக்காகச் சிறு விளக்கம். திருச்செந்தூர் நாழிக்கிணற்றைப் பார்த்தவர்களுக்குக் கடலோர மணலடியில் நன்னீர் இருப்பது புதிதல்ல. அந்த நீர் கடலை நோக்கிக் கசியும்போது, அலையும் ஏற்றவற்றமும் மணலுக்குள் தள்ளும் உப்புநீரோடு கலக்கிறது. இந்தக் கலப்பு வெளிக்கு 1999-இல் வில்லார்ட் மூர் ‘நிலத்தடிக் கழிமுகம்’ என்று பெயரிட்டார். நிலத்தடி நீர் மக்கிய இலைதழை, மண், கழிவுத்தொட்டி ஆகியவற்றிலிருந்து வரும் கரைந்த கரிமப் பொருளைச் சுமந்து வருகிறது. கடல்நீர் பாசியும் மிதவையுயிர்களும் விட்டதைக் கொண்டுவருகிறது. இவற்றில் எது கடலைச் சேர்கிறது, எது மணலிலேயே தங்குகிறது என்பதே நம் கேள்வி.

இதில் இரும்பின் பங்கு பெரிது. ஆக்சிஜன் இல்லாத நிலத்தடி நீரில் இரும்பு கரைந்து நிறமற்று இருக்கும். ஆக்சிஜன் உள்ள கடல்நீரைச் சந்தித்ததும் துருவாகி மணற்துகள்களில் படியும். அமெரிக்காவின் வாக்வாய்ட் விரிகுடாவில் இந்தப் படிவை ஆராய்ந்தவர்கள் அதை ‘இரும்புத் திரை’ என்றார்கள். நிலத்திலிருந்து வரும் பெரிய, வளையக் கட்டமைப்புள்ள மூலக்கூறுகள் இந்தத் துருவில் ஒட்டிக்கொள்ளும். சிறியவை பெரும்பாலும் தப்பிவிடும். கரை ஒதுங்கிய பாசி புதைந்து அழுகினால் ஆக்சிஜன் தீரும், துரு மறுபடி கரையும், பிடித்துவைத்தவையும் விடுபடும்.

மாதிரியெடுப்பில் வரும் கோளாறுகளில் முக்கியமானது இதே வேதியியல்தான். குழாயில் தெளிவாக ஏறிய நீர், காற்றுப்பட்டுச் சிறிது நேரத்தில் புட்டியில் மஞ்சளித்துக் கலங்குகிறது. அதன்பின் வடித்தால், அளக்க வந்த பொருளே துருவோடு வடிதாளில் நின்றுவிடும். ஆய்வகம் தரும் எண் குறைந்துபோகும். ஆகவே வடிகட்டுவது கரையிலேயே, சிரிஞ்சிலிருந்து நேராக, காற்றுக்குமிழி புகாமல் நடக்க வேண்டும்.

செய்முறை இது. 6 மி.மீ. எஃகுக் குழாயை, மணல் அடைக்காதபடி உட்கம்பியோடு, வற்ற நேரத்தில் 50, 100, 150 செ.மீ. ஆழங்களுக்கு இறக்கவும். கம்பியை உருவிவிட்டு, சிரிஞ்சால் நீரை மெதுவாக இழுக்கவும். வேகமாக இழுத்தால் மேல்மட்ட நீர் குழாயின் வெளிச்சுவரை ஒட்டி இறங்கிவிடும். உப்பளவு இடையில் மாறுவதே அதன் அடையாளம். உப்பளவு நிலைத்த பிறகே மாதிரி. கண்ணாடியிழை வடிதாள் 0.7 மைக்ரான், 450 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டது. முதலில் வடிவதைக் கொட்டிவிடவும். சுட்ட பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் pH 2-க்குக் கொண்டுவந்து, 4 டிகிரியில் இருட்டில் வைக்கவும். சன்ஸ்கிரீன், சானிடைசர், படகின் டீசல் புகை எல்லாமே கரிமம்தான். எனவே தூய நீரை அதே குழாய், சிரிஞ்சு, வடிதாள் வழியே செலுத்தி ஒரு வெற்று மாதிரி ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டும்.

சிப்பித்தூள் மிகுந்த மணலில் கனிமக் கார்பன் அதிகம். அமிலமிட்ட பின் வாயுவால் முழுதும் விரட்டாவிட்டால் அதுவும் கரிமமாகக் கணக்கில் ஏறும். குடிநீர் மட்டும் சோதிக்கும் ஆய்வகங்கள் கடல்நீரைத் தயக்கத்துடனே வாங்குகின்றன. கரிமத்தை எரித்து அளக்கும் கருவியின் வினையூக்கியில் உப்பு படிந்து அதைக் கெடுப்பதால் அது நியாயமே. உப்பளவை எழுதியே அனுப்புவோம். கரிமத்தை மதிப்பிட 254 நானோமீட்டர் புற ஊதா ஒளி உறிஞ்சலையும் பார்ப்பவர்கள் இரும்பைக் கழிக்க மறக்கக் கூடாது. லிட்டருக்கு 1 மி.கி. பெரிக் (ஆக்சிஜனேற்றமடைந்த) இரும்பு, ஒளி செல்லும் ஒரு செ.மீ. பாதைக்கு உறிஞ்சலில் சுமார் 0.065 கூட்டிவிடும்.

உப்பளவு இல்லாத கரிம எண்ணுக்குப் பொருளே இல்லை என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து. கரைந்த கரிமம் லிட்டருக்குக் கிணற்றில் 300, கடலில் 80 மைக்ரோமோல், கடலின் உப்பளவு 35 (கிலோவுக்குச் சுமார் 35 கிராம்) என்று கொள்வோம். கிணற்றுநீர் உப்பற்றது என்றால், உப்பளவு 17.5 உள்ள இடத்தில் வெறும் கலப்பு தரவேண்டியது 190. அங்கே 150 இருந்தால் 40 மணலில் நின்றிருக்கிறது அல்லது நுண்ணுயிர்கள் தின்றிருக்கின்றன. 220 இருந்தால் இடையில் ஏதோ சேர்கிறது. அப்போது புதைந்த பாசியையும் கழிவுத்தொட்டியையும் சந்தேகிக்கலாம். ஆனால் வடகிழக்குப் பருவமழை நீர்மட்டத்தை உயர்த்தி கலப்பின் நிலமுனையான கிணற்று எண்ணையே மாற்றிவிடும். கோடையில் அளந்த கிணற்று எண்ணை வைத்துத் தை மாதத்துக்கான கலப்புக் கணக்கைப் போடக் கூடாது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள்: ஒவ்வொரு மாதிரி நாளிலும் கிணறு, கடல் இரு முனைகளையும் அளப்பது, உப்பளவும் வெற்று மாதிரியும் இல்லாத பதிவுகளைத் தொகுப்பில் சேர்க்காதிருப்பது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.